புசுபுசு வாலும் பொறிக்குள் மசால்வடையும்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து வீடுகளில் வீட்டு வரி கட்டுவோரைத் தவிர வேறு சிலரும் நிலையாகக் குடியிருக்கின்றனர் என்பதும், அவர்களுள் பெரும்பாலோர் விலங்கியலார் கொறிணிகள் என்று வகுத்திருக்கும் வரிசையைச் சேர்ந்தவர்கள் என்பதும் எவரும் மறுக்கவியலாத செய்திகளாகும். கொறிணி என்பது மேல்தாடையில் ஓரிணை, கீழ்த்தாடையில் ஓரிணை என உளிப்பற்களை உடைய பாலூட்டி. அப்பற்கள் ஆயுள் உள்ளவரை வளர்ந்துகொண்டே இருப்பதால், எதையேனும் கொறித்து அவற்றைத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டிய கட்டாயம் அதற்கு உண்டு. பல்லின் முன்பக்கத்தில் மட்டும் எனாமல் என்னும் கடினப் பூச்சு இருப்பதாலும், பின்பக்கம் அதைவிட விரைவில் தேய்ந்துவிடுவதாலும், கொறிக்கக் கொறிக்கப் பல் கூர்மைதான் பெறுகிறது. ஆகவே, வாஷிங் மெஷினுக்கு அடியில் ஓடும் ஒயரைத் துண்டாக்கிய பிராணியைப் பார்த்து, “இதில் என்ன ருசியைக் கண்டாய்?” என்று இல்லத்தரசி எழுப்பும் வினா, உள்ளத்தைத் தொடுவதாயினும், உயிரியல் அடிப்படை அற்றது.

இவ்வரிசையில் வீட்டோடு நெருங்கிய உறவு பூண்டவை இரண்டு: ஒன்று அணில், மற்றொன்று சுண்டெலி. இரண்டும் கொறிக்கின்றன, இரண்டும் யாரையும் கேளாமல் உள்ளே நுழைகின்றன, இரண்டுமே துணி, பஞ்சு, நார் ஆகியவற்றைத் திருடிக் குட்டிகளுக்கு மெத்தை தைக்கின்றன. இருப்பினும், காலையில் மாடிச் சுவரின்மேல் அணிலுக்கு ஒரு பிடி சோறு வைக்கும் அதே கை, இரவில் அலமாரிக்குப் பின்னால் எலிக்குப் பொறி வைக்கிறது. இந்த வேறுபாட்டுக்குச் சேதத்தின் அளவு காரணமாக இருக்கலாம் என்று கருதி ஆராயப் புகுவோர் விரைவில் ஏமாற்றமடைவர். காரணம் வால்தான். ஒன்றின் வால் புசுபுசுவென்றும் மற்றொன்றின் வால் மொழுமொழுவென்றும் அமைந்துவிட்டமையே, இரண்டின் தலையெழுத்தையும் தீர்மானித்துவிட்டது.

வாலுக்குப் புராணத்தின் துணையும் கிடைத்தது. சேது கட்டும் பணியில் உதவிய அணிலை வால்மீகியின் காவியத்தில் தேடினால் கிடைக்காது. ஆனால் தொண்டரடிப்பொடியாழ்வார் தம் திருமாலையில் அதற்கு இடமளித்துவிட்டார். இராமபிரான் மூன்று விரலால் தடவிக்கொடுத்ததால் முதுகில் மூன்று கோடுகள் விழுந்தன என்பது ஊரறிந்த கதை. வட இந்தியாவில் மிகுதியாகக் காணப்படும் அணிலுக்கு ஐந்து கோடுகள் இருப்பது, அங்கே அவர் முழுக் கையையும் பயன்படுத்தியிருப்பாரோ என்ற ஐயத்தை எழுப்புகிறது. எனினும், இதுகுறித்து வைணவ அறிஞர்களுக்கும் விலங்கியலாருக்கும் இடையே இதுவரை விவாதம் ஏதும் மூளாதது இரு தரப்பாரின் பொறுமையையே காட்டுகிறது. சுண்டெலிக்கோ இத்தகைய பரிந்துரைக் கடிதம் ஏதும் இல்லை. பிள்ளையாரின் வாகனப் பதவியையும் மூஞ்சூறும் பெருச்சாளியும் பங்கு போட்டுக்கொண்டுவிட்டன.

வேர்க்கடலை விளையும் ஊரில் கொறிணியாகப் பிறப்பது பெரும்பேறு என்றே கொள்ள வேண்டும். திண்டிவனத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் உள்ளது. இந்திய வேர்க்கடலை வயல்களில் பேர்பெற்ற டி.எம்.வி. இரகங்களின் முன்னெழுத்துகள் இவ்வூரைக் குறிப்பவையே. இந்நிலையத்தார் எண்ணெய்ச் சத்தையும் விளைச்சலையும் அளந்து தரம் பிரிப்பது போலவே, மாடியில் காயவைத்த கடலையை அணிலும் தரம் பிரிக்கிறது. பின்னங்கால்களில் குந்தி, முன்னங்கால்களுக்கு இடையில் காயை வைத்து இரண்டு முறை உருட்டி, மூக்குப் பக்கமாகக் கடித்துத் தோட்டைப் பிளந்து, உள்ளிருக்கும் இரண்டு பருப்பில் ஒன்றை மட்டும் தின்றுவிட்டு அடுத்த காய்க்குத் தாவுகிறது. இரண்டாவது பருப்பை ஏன் விட்டுச் செல்கிறது என்பதற்கு, காவலுக்கு உட்கார்த்திவைக்கப்பட்ட தாத்தாக்கள் தரும் விளக்கம் அச்சிடத் தகுந்ததன்று. அவர்கள் கையில் நீளமான கோலும் மடியில் நாளிதழும் இருக்கும். அணில் நாளிதழின் பக்கம் திருப்பப்படும் நேரத்தை நன்கு அறிந்துவைத்திருக்கும்.

கொய்யா விஷயத்தில் நிலைமை இன்னும் விந்தையானது. அணில் கடித்த பழம்தான் இனிக்கும் என்பது தலைமுறைகளாக நிலவும் நம்பிக்கை. அதன்படி சேதமே தரச்சான்றாகிவிடுகிறது. 2018-இல் கோழிக்கோட்டில் நிபா வைரஸ் பரவியபோது, வௌவாலோ பிற விலங்கோ கடித்த பழங்களை உண்ணலாகாது என்று சுகாதாரத் துறையினர் எச்சரித்தனர். அதன்பின் சில காலம் கடித்த பழங்கள் மரத்தடியிலேயே கிடந்தன. இப்போது மீண்டும் கழுவி உண்ணப்படுகின்றன. எலி பல் பதித்த தக்காளியைக் கழுவி உண்பார் மட்டும் ஒருவரும் இலர். எலியின் சிறுநீர் வழியாகப் பரவும் லெப்டோஸ்பைரா என்னும் நுண்ணுயிரியால் எலிக்காய்ச்சல் வரும் என்பதால் அந்தத் தவிர்ப்பு நியாயமானதே. ஆயினும், அந்த நுண்ணுயிரியின் பெயரைக் கேள்விப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே எலிக்குத் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது என்பதைக் குறிப்பிடாமல் விடுவதற்கில்லை.

அணிலின் குற்றப்பட்டியலில் தலையாயது மின்தடை. ஒற்றைக் கம்பியின்மேல் அணில் ஓடினால் அதற்கு ஒன்றும் நேர்வதில்லை, ஏனெனில் உடலின் வழியே மின்சாரம் பாய்ந்து செல்ல மறுமுனை ஒன்று வேண்டும். அந்த மறுமுனையை அணில் டிரான்ஸ்பார்மரில் கண்டுபிடிக்கிறது. 11,000 வோல்ட் கம்பி வந்து சேரும் பீங்கான் குமிழுக்கும், தரையோடு இணைக்கப்பட்ட இரும்புத் தொட்டிக்கும் இடையிலுள்ள குறுகிய இடைவெளியை, உடலளவு நீண்ட வாலையுடைய ஒரு பிராணி நீட்டிக்கிடந்தால் எளிதில் நிரப்பிவிடும். அப்போது மிகுந்த மின்னோட்டம் ஒரே நொடியில் பாய்ந்து, ஃபியூஸ் எரிந்தோ, ஃபீடர் எனப்படும் வழித்தடம் துணைமின் நிலையத்திலேயே துண்டிக்கப்பட்டோ, ஒரு தெரு முதல் ஓர் ஊர் வரை இருளில் மூழ்குகிறது. வீட்டில் எலியைவிட அணிலை உயர்த்திவைத்த வால் கம்பத்தில் அதன் உயிரை வாங்கிவிடுவதை, கருவியோடு மேலேறும் லைன்மேன் ஒருவரே நேரில் காண்கிறார்.

இந்த உண்மை அரசியல் அரங்கில் ஏறிய வரலாறு திண்டிவனத்தோடு தொடர்புடையது. 2021 மே மாதத்தில் ஆட்சி மாறியபின், ஜூனில் ஆங்காங்கே நேர்ந்த மின்தடைகளுக்கு விளக்கமளித்த அன்றைய மின்துறை அமைச்சர் வி. செந்தில்பாலாஜி, முந்தைய ஆட்சியில் பல மாதங்களாகப் பராமரிப்புப் பணி நடைபெறவில்லை என்றும், கம்பியைத் தொடுமளவு செடிகொடிகள் வளர்ந்த இடங்களில் அணில்கள் ஓடுவதாலும் தடை ஏற்படுகிறது என்றும் கூறினார். திண்டிவனத்தை அடுத்த தைலாபுரத்தில் வசிக்கும் பாட்டாளி மக்கள் கட்சி நிறுவனர் மருத்துவர் ச. இராமதாசு இதனை நையாண்டி செய்து, சென்னையில் கேபிள்கள் நிலத்தடியில் செல்கின்றனவே, அங்கே அணில்கள் சுரங்கம் தோண்டிச் சேதப்படுத்தினவோ என்ற பொருளில் வினவினார். மீம் எனப்படும் கேலிப்படங்களைத் தயாரிப்போர் அந்த வாரம் முழுவதும் உறங்கியிருக்க வாய்ப்பில்லை.

அரசியலை விலக்கிவிட்டு நோக்கினால் இரு தரப்பிலும் விலங்கியல் உண்மை உண்டு. அணில் மின்தடையை உண்டாக்கும் என்பது உலகறிந்தது. 1987 டிசம்பரில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஓர் அணில் மின்வழியில் புகுந்ததால் நாஸ்டாக் பங்குச்சந்தை 82 நிமிடம் நின்றுபோயிற்று. 1994 ஆகஸ்டில் மற்றோர் அணில் அதே சந்தையை மீண்டும் நிறுத்திக் காட்டியது. அந்நாட்டு அணில்களுக்குச் சேதுப் பணியில் முன் அனுபவம் இல்லை என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். மறுபுறம், நம்மூர் அணில் சுரங்கம் தோண்டாது என்பதும் சரியே; நிலத்தடி வேலை பெருச்சாளியின் துறையைச் சேர்ந்தது. இத்தனை பெரிய விவாதத்தில் பெருச்சாளியின் பெயரை ஒருவரும் எடுக்காததால் அது எவ்வித விசாரணையும் இன்றித் தப்பித்தது.  

சுண்டெலியின் கதைக்கு இவ்வளவு பெருமை இல்லை. பென்சில் நுழையும் துளையில் தானும் நுழைந்துவிடும் அப்பிராணி, மூன்று வாரம் சுமந்து ஐந்தாறு குட்டிகளை ஈனுகிறது. அக்குட்டிகள் இரண்டு மாதம் நிரம்புமுன் தாமே குடும்பம் நடத்தத் தொடங்குகின்றன. அதன் கண்கள் கருமணியாய் மின்னுவதையும், மீசையைத் துடைத்துக்கொள்ளும் பாங்கையும், படத்தில் காணும்போது குழந்தைகள் முதல் பெரியோர் வரை இரசிக்கின்றனர். அடுப்படியில் காணும்போது அதே பெரியோர் நாற்காலிமேல் ஏறிவிடுகின்றனர். பொறிக்குள் என்ன வைப்பது என்பதில் கருவாட்டுக் கட்சி, சுட்ட தேங்காய்க் கட்சி, மசால்வடைக் கட்சி என மூன்று உண்டு. மசால்வடைக் கட்சிக்கே செல்வாக்கு அதிகம், ஏனெனில் ஒன்று பொறிக்குப் போக மீதமுள்ளவை வாங்கியவருக்கே உரியவை. பொறி வைப்பதைச் சில வீடுகளில் வாய்விட்டுச் சொல்வதும் இல்லை. எலிக்குத் தமிழ் தெரியும் என்பது அவர்களின் துணிபு. கூண்டில் அகப்பட்டதைக் கொல்ல மனம் வராதவர்கள், விடியற்காலையில் அதனை இரண்டு தெரு தள்ளியுள்ள காலி மனையில் விட்டுவருகின்றனர். அந்தத் தெருக்காரர்களும் இரக்கமுள்ளவர்களே ஆதலால், அவர்களது எலி அதே விடியலில் எதிர்த்திசையில் கொண்டுவரப்படுகிறது.

இந்நீதிமன்றத்தில் ஆள்மாறாட்டத்தால் தண்டனை பெறுவது மூஞ்சூறு. கூர்மூக்கும் மங்கிய கண்ணும் கொண்டு சுவரோரமாகக் கிரீச்சிட்டு ஓடும் அது எலியே அன்று. பூச்சியுண்ணும் வேறொரு வரிசையைச் சேர்ந்தது. கரப்பான்பூச்சிகளைத் தின்று வீட்டுக்கு உதவுவது. அதன் உடலிலிருந்து வீசும் வாடையும் மொட்டை வாலும் அதன் நற்பணிகளை மறைத்துவிட்டன.

வாலைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதவர்கள் இம்மாவட்டத்தில் உண்டெனில் அவர்கள் இருளர் பழங்குடியினரே. வரப்பில் தள்ளப்பட்ட மண் புதியதா பழையதா, வளைக்குள் இருப்பது வெள்ளெலியா வேறா என்பதை அவர்கள் வாயிலைப் பார்த்தே சொல்லிவிடுவர். எலியைப் பிடிக்க வைக்கோல் புகையைப் பானையின் வழியே வாயால் ஊதி வளைக்குள் செலுத்தும் அவர்களது முறை, ஊதுவோரின் நெஞ்சையும் கண்ணையும் வருத்துவது. வளைக்குள் எலி சேமித்துவைத்த நெல்லும் கடலையும் தோண்டியவருக்கே போய்ச் சேரும். நகரவாசியோ எலியை விரட்டக் காரின் முன்மூடிக்குள் புகையிலையைத் தூவிவிட்டு, மறுநாள் காலை புகையிலை விலகிக் கிடப்பதையும் ஒயர் அறுந்து கிடப்பதையும் ஒருங்கே காண்கிறார்.

சட்டமும் இல்லத்தாரின் மனப்போக்கையே நெடுங்காலம் பின்பற்றியது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், எலி, சுண்டெலி, காகம், பழந்தின்னி வௌவால் ஆகியவற்றைத் தொல்லை உயிர்கள் என்ற தனிப் பட்டியலில் வைத்திருந்தது; 2022-இல் வந்த திருத்தம் அப்பட்டியலையே நீக்கிவிட்டது. இச்செய்தி அடுப்படிகளை இன்னும் எட்டவில்லை.

மேல்நிலைத் தொட்டிக்கு அடியிலிருந்தோ டியூப்லைட் பட்டியின் மேலிருந்தோ அணிற்குட்டி ஒன்று கீழே விழும் நாளில், இல்லத்தாரின் சார்புநிலை உச்சத்தை அடைகிறது. கண் திறவாத அக்குட்டிக்கு இங்க் ஃபில்லரில் பால் புகட்டப்படுகிறது. செருப்புப் பெட்டியில் பழைய பனியன் விரிக்கப்படுகிறது. பசும்பால் அதன் வயிற்றுக்கு ஒத்துவராது என்று அறிந்தவர் ஒருவர் கூறுவதும், அவர் சொல் எடுபடாமற்போவதும் வழக்கம். பிழைத்து வளர்ந்த அணில் ஒரு நாள் முருங்கை மரத்துக்கு மாறிச் சென்று, மறு மாதமே வாசல் மிதியடியின் தென்னைநாரையும் தலையணைப் பஞ்சையும் இழுத்துவந்து, மீட்டர் பெட்டிக்குள் கூடு கட்டத் தொடங்குகிறது. பெட்டிக்குள் பொறி பறந்து விளக்கு அணைந்ததும், அணில் விவாதம் நடந்த அதே 2021 ஜூனில் தொடங்கப்பட்ட மின்னகம் என்னும் நுகர்வோர் சேவை மையத்துக்குக் குடும்பத் தலைவர் போன் செய்கிறார். என்ன ஆயிற்று என்று மறுமுனையில் கேட்கின்றனர். மீட்டர் பெட்டியின் மேலிருந்து வாலைத் தூக்கிக் கீச்சிடும் அணிலை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, “எலி கடிச்சிருச்சுங்க” என்று அவர் புகாரைப் பதிவு செய்கிறார்.