இருபது நிமிடப் பார்வைக்கு ஒரு வாழ்த்து

எங்கள் அந்தமான் நிக்கோபார் தீவுகளின் கால்பந்துத் தேர்வுக் குழுவைப் பாராட்டாமல் இருக்க முடியாது. ஓர் ஆட்டக்காரனை எடைபோட மற்றவர்களுக்கு ஒரு சீசன் முழுக்க வேண்டியிருக்கிறது. இவர்களுக்கு இருபது நிமிடம் போதும். அதிலும் ஸ்டாப்பராக ஆடுகிறவனை! ஃபார்வேர்டு கோல் அடிப்பான், கணக்கில் ஏறும். ஸ்டாப்பரின் நல்ல வேலையெல்லாம் விழாமல் போன கோலில்தான் இருக்கிறது. அவன் இரண்டடி முன்கூட்டியே நகர்ந்து நின்றதால் எதிராளி கொடுக்காமல் விட்ட பாஸை யார் எழுதிவைப்பார்கள்? நடக்காததைப் பார்க்கிற கண் எல்லாருக்கும் வாய்க்காது. குழுவுக்கு வாய்த்திருக்கிறது. எங்கள் கட்சால் தீவுப் பையனைப் பார்த்துவிட்டு, "இவன் ஒண்ணும் செய்யலையே" என்று சரியாகச் சொல்லிவிட்டார்கள்.

உண்மைதான், அவன் ஒன்றும் செய்யவில்லை. அவன் பக்கம் பந்தே வரவில்லை.

1964இல் போட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கைத் தோட்டங்களை விட்டுக் கிளம்பியவர்களில் சில குடும்பங்கள் இங்கே ரப்பர் பால் வெட்ட வந்து குடியேறின. அப்படி வந்த ஒருவரின் பேரன் இவன். நிக்கோபாரிப் பையன்களோடு வெறுங்காலில் ஆடி வளர்ந்தவன். ஆட்டத்தின்போது தமிழிலும் இந்தியிலும் நிக்கோபாரியிலும் கத்துவான். எதிரே ஒருவன் பந்தோடு வந்தால் சறுக்கிப் பாயமாட்டான். உடம்பைக் கொஞ்சம் திருப்பி, மைதானத்தின் ஈரமான ஓரத்தை அவனுக்குத் திறந்துவிட்டு, கூடவே நடப்பான். வந்தவன் நல்ல வழி கிடைத்ததென்று அந்தப் பக்கம் போவான். ஈரத்தில் பந்து நிற்கும். இவன் குனிந்து எடுப்பதுபோல எடுத்துக்கொண்டு போவான். இதைப் பார்க்க விறுவிறுப்பாக இருக்காது. சறுக்கிப் பாய்ந்து, மண்ணைப் பூசிக்கொண்டு எழுகிறவனைத்தான் குழு குறித்துக்கொள்கிறது. விழுந்து எழுகிற உழைப்புக்கு மரியாதை தருகிற உள்ளம் பெரிய உள்ளம்.

கட்சாலின் கபங்காத் துறையில் கப்பலுக்குக் காத்திருக்கும்போது அவனைப் பற்றித்தான் பேச்சு.

"பட்டியல்ல வரமாட்டான் அண்ணே. உயரம் பத்தாது."

"உயரத்தை வச்சு என்னடா பண்றது? போன மழைக்கு அந்த நெட்டையன் இவன்கிட்ட எத்தனை பந்து தலையில வாங்கினான்? ஒண்ணு சொல்லு."

"அதில்ல தம்பி," என்றார் ஒரு பெரியவர். "ஏற்கெனவே ரெண்டு ஸ்டாப்பர் இருக்கான். மூணாவது ஆளா எடுக்கணும்னா ரைட் பேக், லெஃப்ட் பேக் எங்க விட்டாலும் ஆடணும். இவனுக்கு இடது கால் வராது. அதைச் சொல்லு முதல்ல."

யாரும் மறுக்கவில்லை. இடது கால் வராது என்பது உண்மை. வருஷக்கணக்கில் ஒருவனைப் பார்த்தவர்களுக்குத்தான் அவன் குறையும் தெரியும். குழுவின் பெருந்தன்மையைப் பாருங்கள்: அந்த ஒரே ஒரு நியாயமான குறையைக்கூட அவர்கள் சொல்லவில்லை.

தேர்வு வைக்கிற முறையும் போற்றத்தக்கது. அறிவிப்பு வரும், கப்பல் டிக்கெட் கிடைக்குமா என்று பையன்கள் அலைவார்கள், ஏறினால் கடல் குமட்டும். போர்ட் பிளேரில் இறங்கி மறுநாள் காலை மைதானத்தில் நிற்கும்போது தரையும் கப்பலைப்போலவே ஆடும். அந்தக் காலோடு ஆடவைத்துப் பார்க்கிறார்கள். இதைவிடக் கடுமையான சோதனை உண்டா? தலைநகரப் பையன்களுக்கு இந்தப் பெருமை கிடையாது. வீட்டில் தூங்கி எழுந்து, இட்லி சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். முன்பின் சேர்ந்து ஆடாத பதினொரு பேரை ஒரு பக்கம் நிறுத்துவதும் நல்ல ஏற்பாடே. பக்கத்தில் நிற்பவன் பேரே தெரியாமல் ஒரு ஸ்டாப்பர் எப்படிக் கூப்பிட்டு ஆள் நிறுத்துகிறான் என்று பார்க்கலாம் அல்லவா?

2000ஆம் ஆண்டின் முதல் விடியலை இந்தியாவில் பார்க்கக் கட்சாலே இடம் என்று கொண்டாடினார்கள். வெளியாட்கள் கடல் தாண்டி வந்தார்கள். தேர்வுக் குழு அந்த மாதிரிக் கூட்டத்தோடு சேராமல், இங்கே வராமலே இங்குள்ள ஆட்டத்தை அறிகிற அடக்கத்தைக் காத்துவருகிறது. சைக்கிள் பந்தயத்துக்கு ஆள் எடுப்பவர்களுக்கு அந்த ஆற்றல் இல்லை. அவர்கள் கடிகாரத்தை நம்பவேண்டியிருக்கிறது. சுனாமியில் மரத்தைப் பிடித்துக்கொண்டு உயிர் தப்பிய டெபோரா ஹெரால்டையும், 2018இல் ஜூனியர் உலகப் போட்டியில் கெய்ரின் பிரிவில் வெள்ளி வாங்கிய ஏசோவையும் நிக்கோபாரிலிருந்து கண்டெடுத்தது அந்தக் கடிகாரம். அதற்கு ஊர் தெரியாது, யார் பிள்ளை என்றும் தெரியாது. அவ்வளவு விவரமில்லாத கருவியை நம் குழு பக்கத்தில் சேர்க்காததில் வியப்பில்லை.

கால்பந்திலும் ஸ்டாப்பரை மதிக்கிறவர்கள் உண்டு. 2017 ஜூலையில் மும்பையில் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கிளப்புகள் பத்தும் உட்கார்ந்து 205 பேரிலிருந்து ஆள் எடுத்தபோது முதலில் கூப்பிட்ட பெயர் ஒரு ஸ்டாப்பருடையது: கொண்டோட்டிக்காரர் அனஸ் எடத்தொடிகா. ஆட்டோ ஓட்டியவர். ஜாம்ஷெட்பூர் எடுத்தது. கோல் அடிக்காதவனுக்கு முதல் இடம் கொடுக்கிற அளவுக்கு அவர்கள் ஆட்டத்தை உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள்.

தடுக்கிற ஆளைத் தவறவிட்டவர்களும் உண்டு. அமெரிக்கக் கால்பந்தில் ஜான் ராண்டில் என்றொருவர். முன்வரிசையில் நின்று மோதித் தடுக்கிற வேலை. 1990இல் 28 அணிகள் 12 சுற்று ஆள் எடுத்தும் அவரை யாரும் தொடவில்லை. உருவம் சிறிது என்றார்கள். மின்னசோட்டா அணி எடை கூடினால் சேர்ப்பதாகச் சொல்ல, உடைக்குள் இரும்புச் சங்கிலியை மறைத்துக்கொண்டு தராசில் ஏறினாராம். 2010இல் அந்த ஆட்டத்தின் மகத்தானவர்கள் வரிசையில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். அன்று 28 அணிகள் கூடித் தவறவிட்ட ஆளை, நம் குழுவாக இருந்தால் தனியாகவே தவறவிட்டிருக்கும்.

பெரியவர்களே, இவ்வளவு கூர்மையான கண்களை ஒரே மைதானத்தில் வைத்துத் தேய்க்கவேண்டாம். உங்களில் ஒருவர் கட்சாலுக்கு ஒருமுறை வரவேண்டும். இது பழங்குடியினர் பாதுகாப்புப் பகுதி, அனுமதிச் சீட்டு தேவைப்பட்டால் அதற்கு நாங்கள் ஓடுகிறோம். தென்னை நிழலில் நாற்காலி போட்டுவைக்கிறோம். இருபது நிமிடம் ஆனதும் எழுந்துவிடாமல் தொண்ணூறு நிமிடமும் உட்காருங்கள். அவனுக்கு இடது கால் வராது என்பதை நாங்களே முதலில் காட்டிவிடுகிறோம். மிச்சத்தை நீங்கள் பாருங்கள்.