பனி பிடிச்ச குழாய்

வா மருமகனே, உட்காரு. மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது, ஐஸ் ஃபெக்டரிக்கு கரண்ட் பில் வந்திருச்சு. 2022 ஆகஸ்டுல சராசரியா நூத்துக்கு 75 ஏத்தினாங்க. அடுத்த பெப்ரவரியில அதுக்கு மேல 66. ரெண்டு தரமும் நீ முன்னேஸ்வரம் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைச்சே. கட்டணம் தீர்மானிக்கிறது பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு, அதுல ஈஸ்வரன் உறுப்பினர் இல்லேன்னு ஐயர் சொல்லலையா?

சரி, போன கிழமை கொழும்புல இருந்து ஒரு பொடியன் அளவுக் கருவியோட வந்தானாமே. ‘முதலாளி ஊர்ல இல்ல’ன்னு காவல்காரனைச் சொல்லச் சொல்லிட்டு, நீ தொட்டிக்குப் பின்னால குந்தியிருந்தியாம். கெட்டிக்காரன்! வரிக்காரனுக்கு ஒளியலாம், கடன்காரனுக்கு ஒளியலாம். கரண்ட் எங்க ஒழுகுதுன்னு காட்ட வந்தவனுக்கு ஒளிஞ்சவன் நம்ம வம்சத்துல நீ ஒருத்தன்தான்.

அவன் இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபை ஆள். பேரைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஒரு பார் ஐஸ் பாதி கரைஞ்சிரும், அது அவங்க குத்தம்தான். 2007ல 35ஆம் இலக்கச் சட்டம் போட்டு அதை உண்டாக்கினாங்க. பெரிய கொம்பனிகள் சக்தி முகாமையாளர்னு ஒருத்தரை வைக்கணும். கணக்காய்வாளர் வந்து எந்த மோட்டார் எவ்வளவு தின்னுதுன்னு எழுதிக் குடுப்பார். கையில காசில்லேன்னா, தானே செலவழிச்சுத் திருத்திட்டு, மிச்சம் பிடிக்கிறதுல பங்கு எடுக்கிற கம்பெனிகளும் இருக்கு. இதெல்லாம் உனக்கு வேண்டாம் மருமகனே. உள்ள விட்டிருந்தா மானம் போயிருக்கும்.

முதல்ல அந்தக் குழாயைப் பார்த்திருப்பான். கம்ப்ரஸருக்குப் போற குழாய், மேல துணிகூடச் சுத்தாம வெள்ளை வெளேர்னு பனி பிடிச்சு நிக்குமே, சம்பந்தி வீட்டுக்காரங்களைக் கூட்டிட்டுப் போய், ‘பாருங்க, என் மெஷின் என்ன குளிர்!’னு தட்டிக் காட்டுவியே, அதேதான். அந்தக் குளிர் ஐஸுக்குள்ள இருக்க வேண்டியது. நீ உடப்புக் கடக்கரைக் காத்தைக் குளிப்பாட்டிக்கிட்டு இருக்கே. அப்புறம் உப்புத்தண்ணித் தொட்டி. மூடு பலகை நாலு காணோம். ரெண்டு கேரம் போர்டுக்குக் காலாப் போச்சு, ஒண்ணுல நாய் படுத்திருக்கு, நாலாவதை நானும் தேடுறேன். கண்டென்சர் குழாய்க்குள்ள விரல் மொத்தத்துக்குச் சுண்ணாம்பு. சீமெந்து ஆலைக்காரன் சுண்ணாம்புக்கல்லுக்காக அருவக்காடு வரைக்கும் தண்டவாளம் போட்டான். உன் குழாயைச் சுரண்டினா அவனுக்கு அவ்வளவு தூரம் மிச்சம்.

அதோ நுரைச்சோலைப் புகைக்கூண்டு தெரியுதா? மொத்தம் 900 மெகாவாட். நிலக்கரி இந்தோனேசியாவுல இருந்தும் தென்னாபிரிக்காவுல இருந்தும் கப்பல் ஏறி வருது. கச்சான் ஓயிற நாள் பார்த்துத்தான் இறக்க முடியும். அவ்வளவு தூரம் வந்து எரியுற சூட்டுல மூணுல ஒரு பங்கு சொச்சம்தான் கரண்டாகுது. மிச்சம் ஆகாயத்துக்கும் கடலுக்கும். அந்த மூணுல ஒண்ணை வாங்கி நீ குழாய் மேல பனியாத் தூவி அழகு பார்க்கிறே. ராசா வீட்டுப் பிள்ளைதான் போ.

நேரக் கணக்கும் உனக்கு வேண்டாம். பொழுது சாய்ஞ்சு ஆறரையில இருந்து பத்தரை வரைக்கும் கரண்ட் ஆக விலை கூட. பத்தரைக்கு மேல விடிய அஞ்சரை வரைக்கும் மலிவு. கரைக்கு வள்ளம் வர்றது விடியத்தான். ராவுல உறைய வெச்சாப் போதும். நீ என்ன செய்றே? ஆறரைக்கு மெஷினை முழு வேகத்துல விட்டுட்டு, டீவி நாடகம் முடிஞ்சதும் நிப்பாட்டிட்டுப் படுக்கப் போறே. மீன் மலிஞ்ச நாள்ல வாங்காம, ஆனை விலை நாள்ல வாங்குற வியாபாரி.

விசிறி, பம்பு விஷயம் ஒண்ணு இருக்கு, நம்பமாட்டே. வேகத்தை அஞ்சுல ஒரு பங்கு குறைச்சா அது தின்னுற கரண்ட் கிட்டத்தட்டப் பாதியாக் குறைஞ்சிரும். இறால் பண்ணைப் பயல்களுக்குச் சொன்னேன், சிரிச்சானுங்க. சிரிக்கட்டும்.

இந்தியாவுல 2012ல இன்னும் வேடிக்கை. 478 பெரிய ஆலைகளைக் கூப்பிட்டு ஆளுக்கொரு குறி வெச்சாங்க. குறிக்கு மேல மிச்சம் பிடிச்சவனுக்குச் சான்றிதழ். பிடிக்காதவன் அவன்கிட்டக் காசு குடுத்து அதை வாங்கணும். நீ அங்க பொறந்திருந்தா உன்னால எத்தனை கொம்பனி பிழைச்சிருக்கும்!

உங்க அப்பன் சம்மாட்டியா இருந்தப்போ கரைவலை மடியில ஒரு கண் பிரிஞ்சாலும் வலையைக் கடல்ல போட விடமாட்டான். மணல்ல உட்காரவெச்சு விளக்கு வெளிச்சத்துல பொத்தச் சொல்லுவான். இழுவைக்காரன் பத்தலேன்னு அவன் எந்தக் கோயில்லயும் தேங்காய் உடைக்கல. விடு, அவன் பழைய காலத்து ஆள்.

அந்தப் பொடியன் வர்ற செவ்வாய்க்கிழமை திரும்ப வர்றானாம். நீ இந்தத் தடவை தொட்டிக்குப் பின்னால ஒளியாதே, முழங்கால் வலிக்கும். நெசமாவே கொழும்புக்குப் போயிரு. காவல்காரன் பொய் சொல்ல வேண்டியதில்ல பாரு. போகும்போது ஃபெக்டரிச் சாவியை மட்டும் மாமன் கையில குடுத்துட்டுப் போ. அந்த நாலாவது பலகையைத் தேடணும்.