இரண்டு மல்லிகை அம்மா

அவருக்கு ஒரு பெயர் உண்டு. மைகார்டில் அச்சாகியிருக்கிறது, கிளினிக்கில் நம்பர் கூப்பிடும் பெண்ணுக்கும் தெரியும். மற்ற எல்லாருடைய ஹேண்ட்போனிலும் அவர் ‘இரண்டு மல்லிகை அம்மா’தான். தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு மல்லிகை வகுப்பில் அவர் மகன் படித்தான். பதிவேட்டில் பையன் பெயர்தான் இருந்தது. ஆனால் லிஃப்டில் பார்த்தால் நம்மிடம் அவர் கேட்பது இப்படி: “நாங்க ஏழாம் வாய்ப்பாடு முடிச்சிட்டோம். உங்க பிள்ள எதுல நிக்கிது?”

பிரிக்பீல்ட்சில் எட்டாவது மாடி வீடு. சன்னலைத் திறந்தால் கீழே துன் சம்பந்தன் சாலை, அதன்மேல் மோனோரயில். ஆனால் இந்த ரகம் பிரிக்பீல்ட்சுக்கு மட்டும் சொந்தமில்லை. செந்தூலில் உண்டு, பூச்சோங்கில் உண்டு, கிள்ளானில் தெங்கு கிளானா சாலையில் பூ வாங்கிக்கொண்டே அடுத்த வீட்டுப் பிள்ளையின் புள்ளியை விசாரிக்கும் கிளையும் உண்டு. மலேசியாவில் 520க்கு மேல் தமிழ்ப்பள்ளிகள். பள்ளிக்கு ஆறு ஆண்டு, ஆண்டுக்கு ஒரே ஓர் அம்மா என்று வைத்தாலும் மூவாயிரத்துக்குக் குறையாது. இந்தக் கணக்கை அவர் பையனுக்கு எப்போதோ கொடுத்திருப்பார்.

2020 மார்ச் 18 வரை அவர் பள்ளி வாசலில் குடைபிடித்து நிற்கும் சாதாரணப் பெண்மணி. அன்று கோவிட்டுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. வீட்டை விட்டு வெளியே வராதே என்றது நம்மிடம். அவருக்கு மட்டும் அது மேடைக்கு வா என்று கேட்டது. 2021 ஜனவரி 20இல் புதிய பள்ளித் தவணை ஹேண்ட்போனுக்குள்ளேயே திறந்தபோது அவர் முழுத் தயார். இல்லிருப்புக் கற்றல் கற்பித்தல் என்று ஆசிரியர்கள் அழகாக எழுதுவார்கள், வீடுகளில் பிடிபிஆர். இயங்கலையில் படிக்கலாம், இணையம் இல்லாமலும் படிக்கலாம், ஆசிரியர் வேறோர் இடத்தில் வந்து சொல்லிக் கொடுத்தும் படிக்கலாம் என்று கல்வி அமைச்சின் கையேடு மூன்று வழி காட்டியது. வசதிக்குத் தகுந்த ஒன்றை எடுத்துக்கொள்ளத்தான் அந்த ஏற்பாடு. இவர் மூன்றும் கட்டாயம் என்று எடுத்துக்கொண்டார். ஆசிரியை வீட்டுக்கு வரமுடியாது என்றதும், கார் நிறுத்துமிடத்தில் ஒரு மேசை போட்டுத் தாமே ‘வேறோர் இடம்’ ஆனார்.

ஞாயிறு இரவு வகுப்பாசிரியை புலனக் குழுவில் வாரத் திட்டத்தைப் போடுவார். திங்கள் சபைக்கூடல், தமிழ்மொழி. செவ்வாய் அறிவியல், கணிதம். இப்படி வெள்ளி வரை. போட்ட நொடியில் ஒரு கும்பிடு விழும். அதற்கு அடுத்த நொடியில், “டீச்சர், புதன்கிழமை உடற்கல்விக்கு எந்த கலர் சட்டை?” மற்ற இருபத்தைந்து அம்மாக்களும் அந்தக் கேள்வியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு, பதிலுக்கு மட்டும் ரகசியமாகக் காத்திருப்பார்கள்.

திங்கள் காலை ஏழரைக்கு வரவேற்பறையில் பையன் முழுச் சீருடையில் நிற்பான். கழுத்துப்பட்டை, பெயர்ச்சின்னம், வீட்டுக்குள் காலணி. ‘நெகாராகூ’ ஒலித்ததும் அடுக்களையில் பாட்டி கரண்டியோடு நிமிர்ந்து நிற்பார். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். பாட்டைக் கேட்டால் முதுகு தானே நிமிரும். அப்பா மட்டும் அது தெரியாமல் கைலியோடு கேமராவுக்குள் நடந்து போவார். “என்னங்க! சபைக்கூடல் நடக்குது!” மைக் அணைக்கப்படவில்லை என்பது தலைமையாசிரியர் சிரித்த பிறகுதான் தெரியும்.

செவ்வாய்க்கு வருவோம். இந்த வாரத்தின் உயிரே அங்குதான். பச்சைப்பயறை ஈரப் பஞ்சில் வைத்து, நாள்தோறும் கவனித்து, வளர்ச்சியை அளந்து எழுத வேண்டும். உலகத்திலேயே செலவில்லாத பாடம். பையன் ஒரு ஜாம் மூடியில் பஞ்சை வைத்து, பயறைத் தூவி, நீரும் ஊற்றிவிட்டான். இரண்டு நிமிட வேலை. அது படத்தில் எடுபடவில்லை. மூடி மாறியது, கண்ணாடிக் கிண்ணம் வந்தது, பின்னால் மஞ்சள் அட்டை ஒட்டினார்கள், பஞ்சை வெட்டி வட்டமாக்கினார்கள். இத்தனைக்கும் நடுவே ஊற்றிய தண்ணீரில் பயறு மூழ்கியது. மறுநாள் காலை முளை இல்லை. ஒரு வாடை மட்டும் இருந்தது.

குழுவிலோ மற்றவர்களின் பயறெல்லாம் வால் விட்டிருந்தது. எதையுமே நேரத்துக்கு அனுப்பாத ஒரு வீட்டுப் பயறுகூட. இரண்டு மல்லிகை அம்மா முகக்கவரியை மாட்டிக்கொண்டு, மைசெஜாத்ராவைத் தட்டிவிட்டு, கீழே மளிகைக் கடைக்குப் போய் ஒரு பொட்டலம் தௌகே, அதாவது முளைவிட்ட பயறு, வாங்கி வந்தார். மீ கோரெங்கில் போடுகிற அதே தௌகேதான். அழகாய் ஐந்தைப் பொறுக்கிப் பஞ்சில் நட்டார். பையன் ஸ்கேல் பிடித்தான். படம் போனது.

பத்து நிமிடத்தில் ஆசிரியையின் பதில் வந்தது: “மிக நன்று. ஒரே இரவில் 5 சென்டிமீட்டர்! நாளைக்கும் அளந்து அனுப்புங்கள்.” பக்கத்திலேயே ஒரு நட்சத்திரம். அந்த வரியில் இருந்த குறும்பைப் பாட்டி ஒருவரே கண்டுகொண்டார். “அம்மா, டீச்சருக்குத் தெரிஞ்சிருச்சி. மீதி தௌகேயக் குடு, வதக்கிப் போடுறேன்.”

பாட்டி கிள்ளான்காரர். பேரனைப் பார்க்க வந்த இடத்தில் மாநில எல்லையை மூடிவிட்டார்கள். திரும்பிப் போக முடியாமல் தங்கிவிட்டார். 2021 பிப்ரவரி 17இல் பழைய என்டிவி7 அலைவரிசை டிடிக் டிவியாக மாறி, பொழுதெல்லாம் பாடம் ஒளிபரப்பத் தொடங்கியது. மகனுக்காக அதைப் போட்டுவிட்டு அம்மா அவனைத் தேடிப் போவார். அவன் சோபாவுக்கு அடியில் இருப்பான். டிவி முன்னால் பாட்டி இருப்பார். அந்த வீட்டில் ஒரு நாள்கூட விடாமல் பாடம் கேட்ட மாணவர் அவர் ஒருவர்தான். இயங்கலை வகுப்பில் “நாலேழு எவ்வளவு?” என்று ஆசிரியை கேட்டால் அடுக்களையிலிருந்து “இருவத்தெட்டு” என்று குரல் வரும். தோட்டத்தில் பால் எடையில் கங்காணி ஏமாற்றிவிடாமல் மனக்கணக்கிலேயே காலம் தள்ளியவருக்கு நாலேழு எம்மாத்திரம்!

புதன்கிழமை உடற்கல்வி. கையும் காலும் விரித்துக் குதிப்பதைக் காணொளி எடுக்க வேண்டும். குதித்தான், மோனோரயில் சத்தம் வந்தது. மறுபடி குதித்தான், நிழல் விழுந்தது. மறுபடி குதித்தான், ஏழாவது மாடிக்காரர் துடைப்பக் கட்டையால் மேலே இடித்தார். எல்லாம் மாலை ஆறுக்குள் முடிய வேண்டும். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நாளுக்கு 1 ஜிபி இலவசமாகக் கொடுத்தது காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரைதான். 5.58க்கு அனுப்பியாயிற்று. பையனுக்கு அன்று உண்மையிலேயே நல்ல உடற்பயிற்சி.

வியாழனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மலாய் மொழிப் பயிற்சித்தாள், அம்மா எழுதினார்.

அவர் ஏன் இப்படி என்று கேட்பவர்கள் 1998இல் அவர் எழுதிய ஆறாம் ஆண்டு யூபிஎஸ்ஆர் தேர்வின் முடிவைப் பார்க்க வேண்டும். தமிழ்ப்பள்ளிக்கு ஏழு பாடம். ஏழிலும் ஏ எடுத்த பிள்ளைகளின் படம் பத்திரிகையில் வரும். இவர் எடுத்தது ஆறு ஏ, ஒரு பி. அந்த பி தமிழ்க் கட்டுரையில். படம் வரவில்லை. தாலி கட்டிய நாள்கூட ஆல்பத்தைப் பார்த்தால்தான் நினைவு வரும். அந்தக் கட்டுரைத் தலைப்பு மட்டும் இன்றும் தூக்கத்தில் வரும். மகன் பிறந்தபோது மருத்துவமனைக் கட்டிலிலேயே கணக்குப் போட்டுவிட்டார், எந்த ஆண்டு தேர்வு எழுதுவான் என்று. அப்புறம் 2021 ஏப்ரல் 28இல் கல்வி அமைச்சர் யூபிஎஸ்ஆர் இனி இல்லை என்று அறிவித்தார். கல்வியாளர்கள் பலர் வரவேற்றார்கள், பிள்ளைகள் கைதட்டினார்கள். எட்டாவது மாடியில் அன்றிரவு சமையல் இல்லை; மாமாக் கடையிலிருந்து தபாவ்.

ஆனால் அசந்துபோகிறவர் அல்லர் அவர். தேர்வு போனாலும் வகுப்பறை மதிப்பீடு இருக்கிறது, அதில் ஒன்று முதல் ஆறு வரை அடைவுநிலை இருக்கிறது என்று மறுநாளே கண்டுபிடித்துவிட்டார். ஆறு என்றால் ஆறுதான். அதற்குப் பத்திரிகையில் படம் போடமாட்டார்கள், அவ்வளவுதானே! படத்தை நாமே போட்டுக்கொள்ளலாம். குழு நிறையப் படம் வந்ததற்கு அதுவே காரணம் என்பது என் கணிப்பு.

வெள்ளிக்கிழமை காட்சிக்கலைக் கல்வி. வாவ் பட்டம் செய்ய வேண்டும். போர்ட் கிள்ளானில் வேலை முடித்து, அனுமதிக் கடிதத்தைப் போலீஸ் சாவடியில் காட்டிக் காட்டி வீடு வந்த அப்பாவிடம் வியாழன் இரவு மூங்கில் குச்சியும் பசையும் ஒப்படைக்கப்பட்டன. முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தவர், நடுநிசிக்கு மேல் முணுமுணுப்பை நிறுத்திவிட்டார். மினுமினுப்புத் தாளில் பூவேலை, வாலில் குஞ்சம், பிறை வடிவம் பிசகாமல். மறுநாள் ஆசிரியை எழுதினார்: “தம்பியின் கைவண்ணம் அருமை!” அப்பா சாப்பாட்டு வேளையில் ஒரு முறையும், லாரிக்குக் காத்திருக்கையில் ஒரு முறையும் அதைத் திறந்து படித்தார். அவருடைய பள்ளிப் பருவத்தில் எந்த ஆசிரியரும் அவரை அப்படிச் சொன்னதில்லை.

ஆசிரியைக்கு எல்லாம் தெரியும். எட்டு வயதுப் பையனின் ‘ழ’ எப்படிக் கோணும், முப்பத்தைந்து வயதுப் பெண்மணியின் ‘ழ’ எப்படி நிமிர்ந்து நிற்கும் என்பது தெரியாமலா? அவருக்கும் வீட்டில் இரண்டு பிள்ளைகள். மேலிடத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். இரவு பதினொரு மணிக்கு ஹேண்ட்போன் சூடாகிக் கிடக்கும். ஒரே ஒரு முறைதான் எழுதினார்: “கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. அடுத்த முறை தம்பியும் எழுதிப் பார்க்கட்டும்.” முதல் வாக்கியத்தை மட்டும் வெட்டி எடுத்து இவர் ஸ்டேட்டஸில் வைத்தார்.

அதே வகுப்பில் இன்னொரு வீடு உண்டு. மூன்று பிள்ளைகளுக்கு ஒரே ஹேண்ட்போன். அதையும் அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்காக 150,000 மடிக்கணினி, டேப்லெட் தருவதாக அறிவித்த செர்டிக் திட்டம் அந்தக் கதவைத் தட்டவில்லை. இரவு ஒன்பதுக்கு மேல்தான் படங்கள் வரும்: இருட்டாய், ஓரத்தில் ஒரு கட்டைவிரலோடு, விடைகள் பாதி தப்பாய். அந்தத் தப்பெல்லாம் பிள்ளையே போட்ட தப்பு. எனக்கு அந்தப் படங்கள்தான் பிடிக்கும்.

இரண்டு மல்லிகை அம்மாவை நான் கேலி செய்வதாக நினைத்துவிடக் கூடாது. செய்கிறேன்தான், ஆனால் அந்த வீட்டுக்கு வாராவாரம் பயிற்சித்தாளைத் தம் செலவில் அச்சடித்து, இரண்டு மைலோ பொட்டலத்தோடு பையில் போட்டு, பாதுகாவலர் சாவடியில் கொடுத்துவிட்டு வந்தவரும் அவர்தான். யாரிடமும் சொல்லவில்லை, படமும் எடுக்கவில்லை. என்ன, தாளில் விடையையும் பென்சிலில் லேசாக எழுதி வைத்திருந்தார்.

பள்ளி திறந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. 2023 அக்டோபர் தொடக்கத்தில் புகைமூட்டம் வந்து, செராஸ் பக்கம் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 150ஐத் தாண்டியது. 200 ஆனால் பள்ளியை மூடலாம் என்பது விதி. பையன் அப்போது நான்கு மல்லிகை. சோபாவுக்கு அடியில் இனி நுழைய முடியாத உயரம். இரவு பத்து மணிக்குக் குழுவில் ஒரு செய்தி விழுந்தது:

“டீச்சர், 200க்கு இன்னும் அம்பதுகூட இல்ல. நாளைக்கு பிடிபிஆர்னா சட்டை என்ன கலர்?”

இருபத்தைந்து அம்மாக்களும் படித்துவிட்டார்கள். ஆசிரியையும் படித்துவிட்டார். அவர் ஹேண்ட்போனை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டதாகக் கேள்வி.