சாவி கொடுத்த கை

சாத்தான்குளத்திலிருந்து மேற்கே போய் மாவட்ட எல்லையைத் தாண்டினால் நாங்குநேரி. 2023 ஆகஸ்ட் 9 இரவு, அங்கே பள்ளிக்கூடப் பையன்கள் சிலர் கும்பலாக அரிவாளோடு ஒரு தலித் வீட்டுக்குள் புகுந்தார்கள். கூடப் படித்த பிளஸ் டூ மாணவனை வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அதற்குப் பிறகு அரசு செய்த உதவியைப் பாராட்டி எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

முதல் பாராட்டு மருத்துவர்களுக்கு. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையிலிருந்து திருநெல்வேலிக்கு வந்து, அந்த மாணவனின் வெட்டுப்பட்ட கையை மீட்டுக் கொடுத்தார்கள். அரசு மருத்துவத்தை இளக்காரமாகப் பேசுகிறவர்கள் அந்தக் கையை நினைத்துக்கொள்ளட்டும்.

அடுத்தது வீடு. இனி நாங்குநேரியில் இருக்க முடியாது என்று தவித்த குடும்பத்துக்கு அரசு நெல்லையில் வீடு ஒதுக்கியது. பிள்ளைகளின் படிப்பு நிற்கவில்லை. ஒரு தாயைப் பயமில்லாமல் தூங்க வைப்பது சின்னக் காரியமா? சாவியைக் கொடுத்த கையை மனதாரக் கும்பிடுகிறேன்.

அதே வருஷம் டிசம்பரில் தாமிரபரணி பெருக்கெடுத்தது. தூத்துக்குடி, திருநெல்வேலி இரண்டு மாவட்டமும் மூழ்கின. சனங்கள் பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் கிடந்தார்கள். அரசு 6,000 ரூபாய் கொடுத்தது. தண்ணீர் வடிந்ததும் சேற்றை வழித்துத் தள்ளிவிட்டு அவரவர் வீட்டுக்குள் போனார்கள். உங்கள் வீட்டுக்குள் வெள்ளம் வந்துவிட்டது, அதனால் வேறு ஊரில் குடியிருங்கள் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. ஆற்றைக் கரைக்குள் திருப்பிவிடத் தெரிந்த நிர்வாகம் நம்முடையது. உடைந்த குளக்கரைகளில் இராப்பகலாக மணல் மூட்டை அடுக்கினார்கள். அந்தத் திறமையை நான் மெச்சுவதால்தான் நாங்குநேரி என்னை உறுத்துகிறது. அங்கே வீட்டைத் தூக்கி மேட்டில் வைத்தார்கள், உடைப்பு அப்படியே கிடக்கிறது. அந்தப் பகுதியிலிருந்து பல தலித் குடும்பங்கள் முன்பே வெளியேறிவிட்டதாக, வெட்டு நடந்த சமயத்திலேயே செய்திகள் வந்தன. அவர்களுக்குச் சாவி கொடுக்க யாரும் வரவில்லை. அவர்கள் தாங்களாகவே போனார்கள், சத்தமில்லாமல்.

சட்டத்தை எழுதியவர்களையும் பாராட்டாமல் விடக்கூடாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2016 திருத்த விதிகளை எடுத்துப் படியுங்கள். வீட்டையோ ஊரையோ விட்டு ஒருவரை வெளியேறச் செய்தால், அங்கேயே குடியிருக்கும் உரிமையை மாநில அரசு மீட்டுத் தர வேண்டும். 1 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும். வீடு இடிக்கப்பட்டிருந்தால் அரசு செலவில் கட்டித் தர வேண்டும். பணத்துக்கு முன்னால் ஊரை வைத்த கை அது. துரத்தப்பட்டவனுக்கு முதலில் என்ன வேண்டும் என்று தெரிந்த ஒருவர்தான் அந்த வரியை எழுதியிருக்க முடியும்.

திரும்பிப் போக முடியாத ஊர்களும் உலகத்தில் உண்டு. ஆயுதக் கும்பல்களுக்குப் பயந்து ஹைத்தியில் 10 லட்சத்துக்கும் அதிகமானோர் வீடிழந்து கிடக்கிறார்கள். தலைநகரின் பெரும்பகுதி அரசின் கையில் இல்லை. அங்கே திரும்பிப் போக வழியில்லை என்றால் எனக்குப் புரிகிறது. நாங்குநேரியில் காவல் நிலையம் இருக்கிறது, தாலுகா அலுவலகம் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது.

பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி கேட்டு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவையும் அரசு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. மாணவர்கள் கையில் கட்டும் சாதிக் கயிறுகளிலிருந்து பள்ளிகளின் பெயரில் ஒட்டிய சாதி வரை அவர் தொட்டிருக்கிறார். அப்படி ஒருவரைத் தேர்ந்தெடுத்துக் கேட்டதற்காக அரசைப் பாராட்டுகிறேன். கேட்டவர்கள் அதைச் செய்தும் முடித்தால் இன்னும் பாராட்டுவேன்.

என்னிடம் ஒரு பாராட்டு மிச்சம் இருக்கிறது. வெளியேறிய ஒரு குடும்பத்தை ஓர் அதிகாரி அதே தெருவுக்குக் கூட்டி வந்து, அதே வாசலில் இறக்கி, அன்று ராத்திரி காவலுக்குத் தானும் அங்கே உட்காரட்டும். சாத்தான்குளத்திலிருந்து முதல் பஸ் பிடித்துப் போய் அவர் கையைப் பிடித்துக்கொள்வேன்.