சூரியனுக்கும் ஸ்லாப் உண்டு

இலவச மின்சாரம் வேண்டுமா? பேஷாக. முதலில் இரண்டு லட்சம் ரூபாயை எடுத்து வையுங்கள். கூடவே முந்நூறு சதுர அடி மொட்டை மாடி, அதுவும் பக்கத்து வீட்டுத் தென்னையின் நிழல் விழாததாக. இரண்டும் இல்லையென்றால் உங்களுக்கு ஏனய்யா இலவசம்?

2024 பிப்ரவரியில் வந்தது பிரதமரின் சூர்யா கர் திட்டம். 75,021 கோடி ரூபாய், ஒரு கோடி வீடுகள், மாதம் 300 யூனிட் வரை இலவசம். இதற்கு முன்னும் ஒரு சபதம் இருந்தது: 2022-க்குள் நாட்டின் கூரைகளில் 40 ஜிகாவாட். கெடு முடிந்தபோது அதில் கால்வாசிகூடத் தேறவில்லை. சபதம் போட்டவர்கள் யாரும் பாஞ்சாலி மாதிரி கூந்தலை விரித்துப் போட்டுக்கொண்டு திரியவில்லை. புதுப் பெயர் வைத்தார்கள், புது விளம்பரம் கொடுத்தார்கள், முடிந்தது.

மானியக் கணக்கு எளிது. முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, ஆக மொத்தம் 78,000. ஆனால் அது முன்பணம் அல்ல. நீங்கள் பணம் புரட்டி, பேனல் ஏற்றி, நெட் மீட்டர் மாட்டி, மின்வாரியத்து ஆள் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகுதான் வங்கிக்கு வரும். பணம் இருப்பவனுக்குப் பணம் கொடுப்பதில் அரசுக்கு எப்போதுமே ஒரு நிம்மதி. திருப்பிக் கேட்க வேண்டியதில்லை பாருங்கள்.

இப்போது தமிழ்நாட்டில் ஒரே தெருவில் இரண்டு வீட்டைப் பார்ப்போம். தையல் மெஷினும் இரண்டு ஃபேனும் ஓடும் வீடு. இரண்டு மாதத்துக்கு 200 யூனிட். முதல் நூறு இலவசம் போக, 2024 கட்டண உயர்வுக்குப் பிறகு பில் 235 ரூபாய். இந்த வீட்டுக்காரர் ஆசைப்பட்டு ஒரு கிலோவாட் போட்டால் எழுபதாயிரம் ஆகும். மானியம் போனாலும் கைக்காசு நாற்பதாயிரம். பில்லில் மிச்சமாவது வருடத்துக்கு 1,410 ரூபாய். போட்ட காசை எடுக்க 28 வருடம். பேனலுக்கு வாரண்டி 25 வருடம்தான். மிச்ச மூன்று வருடத்துக்கு வாரண்டி தீர்ந்த பேனலில் வடாம் காய வைத்துக்கொள்ளலாம்.

எதிர் வீட்டில் மூன்று ஏசி. இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட், பில் ஏழாயிரத்தைத் தொடும். மூன்று கிலோவாட் போட்டால், உச்ச ஸ்லாபில் எரியும் யூனிட்டெல்லாம் முதலில் கழன்று விழும். பில் ஆயிரத்துக்குள் அடங்கும். மூன்று நாலு வருடத்தில் போட்டது கைக்கு வந்துவிடும், பிறகு இருபது வருடம் கொண்டாட்டம். மானியம் 78,000 இந்த வாசலுக்கு. தையல் வீட்டுக்கு 30,000, அதுவும் நாற்பதாயிரம் புரட்ட முடிந்தால். ஏழைக்கு வெயில், ஏசிக்காரருக்குச் சூரியன். இதைத் திட்டமிட ஒரு அமைச்சகம், ஒரு போர்ட்டல், முழுப்பக்க விளம்பரங்கள்.

கூத்து இதோடு தீரவில்லை. வாரியத்துக்கு நல்ல விலை கொடுத்து வாங்கும் வாடிக்கையாளரே இந்த ஏசி வீட்டுக்காரர்தான். அவர் நழுவினால், ஏற்கெனவே கழுத்தளவு கடனில் நிற்கும் வாரியம் அடுத்த கட்டண உயர்வை யார் தலையில் வைக்கும்? கூரை இல்லாத தலைகளுக்குப் பஞ்சமா!

ஏசி வீட்டுக்காரருக்கும் ஒரு அதிர்ச்சி காத்திருந்தது. மே மாத மதியம், மண்டை பிளக்கும் வெயிலில் கரண்ட் போனது. ஃபேனும் நின்றது. வெண்டருக்குப் போன் போட்டார்.

“மேலே வெயில் கொளுத்துது, பேனல் இருக்கு, அப்புறம் ஏன் சார் ஓடலை?”

“லைன் போனா இன்வெர்ட்டரும் நின்னுடும் சார். கம்பத்துல வேலை பாக்குற லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக்கூடாது இல்லையா? பேட்டரி போட்டா ஓடும்.”

“அதுக்கு மானியம்?”

“அதெல்லாம் கிடையாது சார்.”

லைன்மேன் உயிர் பெரிதுதான், அதில் மறுபேச்சு இல்லை. காசோலை வாங்கும் முன்பே இதைச் சொல்லியிருந்தால் வெண்டர் நாக்கு என்ன வெந்தா போயிருக்கும்?

வாடகைக் குடித்தனக்காரரை எந்த விளம்பரத்திலும் காணோம். மாடி அவருடையதல்ல, இணைப்பும் அவர் பெயரில் இல்லை. அவர் பேரில் இருப்பது கீழ் போர்ஷனின் சப் மீட்டர் ஒன்றுதான். ஓனர் வசூலிப்பது யூனிட்டுக்குப் பத்து ரூபாய். தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் அவர் கட்டும் வரியும் சேர்ந்துதான் மாடியில் பேனலாக மின்னுகிறது. ஓனரின் பில் சுருங்கிவிட்டது. கீழ் போர்ஷனுக்கு யூனிட் அதே பத்து ரூபாய்.

“சோலார் வந்துடுச்சே சார், கொஞ்சம் குறைக்கலாமே?” என்று கேட்டுப் பார்த்தார்.

“ரெண்டு லட்சம் போட்டிருக்கேம்ப்பா, நீயா தருவே?” என்றார் ஓனர். அடுத்த மாதத்திலிருந்து வாடகை ஐந்நூறு கூடுதல். சோலார் வீடாச்சே.