கரியிழை வேடம்

1989இல் சிகாகோ வாகனக் கண்காட்சியில் அறிமுகமான மாஸ்டா எம்எக்ஸ்-5, வீண் எடையைத் தவிர்ப்பதையே கொள்கையாகக் கொண்டு, ஒரு டன்னுக்கும் குறைவாக வடிக்கப்பட்ட இரு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் ஆகும். முப்பதாண்டு கடந்த அவ்வண்டியைத் தம் கைப்பட அழகுபடுத்த முனையும் உரிமையாளர், எஃகைவிடப் பன்மடங்கு இலேசானது என்பதற்காகவே பந்தயக் கார்களில் இடம்பெறும் கார்பன் ஃபைபரை, அதாவது கரியிழைகளைப் பிசினில் தோய்த்து இறுக்கிய பொருளை, முதலில் விரும்புகிறார். விலையைக் கேட்டபின், அதே நெசவு அச்சிட்ட வினைல் ஸ்டிக்கரை வாங்கி, ஹேர் டிரையரால் இளக்கி, குமிழி விழாமல் டாஷ்போர்டில் நீவி ஒட்டுகிறார். எடையைக் குறைக்கும் பொருளின் பெயரால் வண்டிக்குச் சில கிராம் கூடுகிறது. அடுத்து வரும் அலுமினிய கியர் குமிழ் வெயிலில் கையைச் சுடுவதால், அதற்கொரு துணியுறையும் தேவைப்படுகிறது. கதவுக்கடியில் துரு அரித்த ஓட்டையோ, நிற்பவர் கண்ணுக்குத் தெரியாத காரணத்தால், அழகுத் திட்டத்தில் சேர்க்கப்படுவதில்லை.