சிலிண்டர் துரை

கேஸ் சிலிண்டரை வீட்டில் எப்படி வைக்க வேண்டும் என்ற அறிவுறுத்தல்களைப் படித்தால், தோட்டத்துக்குப் புதிதாகப் பெரிய துரை வருகிறார் போலிருக்கிறது. அவரை நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும், படுக்கப்போட்டால் அவமரியாதை. நல்ல காற்றோட்டம் வேண்டும். ஈரம் ஆகாது. அடுப்பனல் கிட்ட வரக் கூடாது. அவர் விடுகிற மூச்சு காற்றைவிடக் கனம், தரையோடு தவழும். ஆகவே சுவரின் அடியிலும் அதற்குப் போக்கிடம் விட வேண்டும். கசிவு வாசம் அடித்தால் சுவிட்சைத் தொடாமல் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும்.

எல்லாம் உயிர் காக்கும் விதிகள்தான், மறுக்கவில்லை. ஆனால் இவற்றை எழுதியவர் இலங்கை மலையகத்தில், திம்புள்ளப் பக்கம், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்துக் காம்பராவுக்குள் குனிந்து நுழைந்தவரில்லை.

பத்தனையிலிருந்து தலவாக்கலை, லிந்துலை வரைக்கும் எந்த லயத்தில் வேண்டுமானாலும் நுழையுங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயமென்றால் பின்சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். அங்கே ஜன்னல் வெட்டினால் அவர்கள் கட்டிலைத்தான் பார்க்கலாம். முன்வாசல் இஸ்தோப்பைத் தகரத்தால் மறைத்ததுதான் குசினி. ஒரு மூலையில் மண்ணடுப்பு, அதற்கு மேலே பரணில் புகையில் காயும், கவாத்தில் வெட்டிய தேயிலை மிலாறு. மறு மூலையில் தண்ணீர் பீப்பா, கொழுந்துக் கூடை, ஈரம் சொட்டும் படங்கு. இதற்கு நடுவில் துரையை எங்கே எழுந்தருளச் செய்வது? வாசற்படி ஓரத்தில்தான். தீயென்றால் உள்ளேயிருக்கிற ஆறு பேரும் ஓடுவதற்கு இருப்பதும் அந்த ஒரே வாசல்தான்.

இந்த லயங்களுக்கு அளவு போட்ட வெள்ளைக்காரர்களின் சீமையில், 1998ஆம் ஆண்டின் எரிவாயுப் பாதுகாப்பு விதிகளில் ஒரு பிரிவு உண்டு. தீப்பிடித்தால் வீட்டார் தப்பியோடும் வழி, இயன்றவரை, கெட்டுப்போகாத இடத்தில்தான் கேஸ் மீட்டரைப் பொருத்த வேண்டும். மீட்டர் என்பது கணக்கெடுக்கிற ஒரு பெட்டி. அதற்கே அவ்வளவு யோசனை. அந்தச் சீமைக் குசினிகளில் கொதிக்கிற தண்ணீரில் விழுவது நம் தேயிலை. தேயிலை கப்பலேறிப் போய்விட்டது, யோசனை மட்டும் கப்பலேறி வரவில்லை. நமக்கும் ஒரு மீட்டர் உண்டு: கொழுந்துத் தராசு. அதை எங்கே வைப்பது, சாக்குக்கும் ஈரத்துக்கும் எத்தனை கிலோ வெட்டுவது என்பதில் தோட்டத்துக்கு ஒருநாளும் யோசனை பிசகியதில்லை.

2021 நவம்பர், டிசம்பரில் நாடெங்கும் கேஸ் அடுப்புகள் வெடித்தன. நூற்றுக்கணக்கான சம்பவங்கள், உயிர்களும் போயின. முதலில் கூண்டில் ஏற்றப்பட்டவை குழாய், கிளிப், ரெகுலேட்டர். அதாவது அவற்றை வாங்கி மாட்டிய வீட்டுப் பொம்பளை. சவர்க்கார நுரை தடவிப் பார்த்தாயா? குழாயை எப்போது மாற்றினாய்? இப்படி அவளை விசாரித்து முடித்த பிறகு, மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாந்த வல்பொல தலைமையில் ஜனாதிபதி நியமித்த குழு சொன்னது: பிரதான காரணம் சிலிண்டருக்குள்ளே இருந்த கலவை. புரொப்பேன், பியூட்டேன் விகிதம் மாறியிருக்கிறது. புரொப்பேன் கூடினால் உள்ளே அமுக்கம் கூடும்; பழைய அமுக்கத்துக்குப் பழகிய குழாய் பாவம், என்ன செய்யும்? கலவையை மாற்றியவர்கள் எங்கேயோ இருந்தார்கள். குழாயை மாற்றச் சொன்னது நம்மை.

அந்த வருஷம் மார்ச்சில்தான் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று வர்த்தமானியில் ஏறியது. ஒக்டோபரில் 12.5 கிலோ சிலிண்டரின் கொழும்பு விலை 2,675 ரூபாய். 2022 ஏப்ரலில் 4,860. ஏறக்குறைய ஐந்து நாள் மலையேறிய காசு, அதுவும் கொழுந்து நிறை காட்டி முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், விழுந்தால். ஆகவே பெரும்பாலான தோட்டத்துக் குசினிகளில் துரைக்கு வேலையே இல்லை, மிலாறுதான் எரிகிறது. மிலாற்றுப் புகைக்கு விதியும் கிடையாது, குழுவும் கிடையாது. முப்பது வருஷம் ஊதுகுழல் ஊதி நெஞ்சு கருகியவளைப் பற்றி அறிக்கை எழுத யாரும் கொழும்பிலிருந்து வரமாட்டார்கள். புகை சத்தம் போட்டு வெடிக்காதே!

சரி, விதிப்படியே நடப்போம் என்று ஒருத்தி சுவரடியில் காற்றுப்போக ஓர் ஓட்டை போடப் போகிறாள் என்று வையுங்கள். சுவர் யாருடையது? நிலம் அரசாங்கத்தினுடையது. 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. நாலு தலைமுறையாகக் குடியிருக்கிறவள் கையில் உறுதிப்பத்திரம் இல்லை. ஆபீசில் போய் நின்று அனுமதி கேட்க வேண்டும். கேட்காமல் உடைத்தால் தோட்டச் சொத்துக்குச் சேதம். லயம் எரிந்தால் மட்டும் அந்தச் சுவருக்குச் சொந்தக்காரன் இல்லாமல் போய்விடுகிறான். மின்னொழுக்காக இருக்கலாம் என்று பேப்பரில் நாலு வரி வரும். எரிந்த குடும்பங்கள் கோயில் மண்டபத்தில் படுத்திருக்கும். தொழிற்சங்கத் தலைவர் வந்து ஏழு பேர்ச்சஸ் காணியும் தனி வீடும் என்று மறுபடி சொல்லிவிட்டு, உலர் உணவுப் பொதியோடு நின்று போட்டோ எடுப்பார். பொதிக்குள் அரிசி, பருப்பு, மாவு எல்லாம் சரியாக இருக்கும். இதை எதில் வைத்து வேக வைப்பது தலைவரே என்று கேட்டால்தான் அவருக்குக் கோபம் வருகிறது.